அதுல்லாம் குகையில் இருந்த நானூறு பேர் என்ன ஆனார்கள்?

வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் பெண்கள் சிலர் சேர்ந்து பைபிள் வாசிக்கிற ஒரு கூட்டத்திற்கு நான் போவதுண்டு. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். குழுக் கடன் இல்லாத வீடு அந்தத் தெருவில் இல்லை. சில வாரங்களாக சாமுவேலின் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தோம். சவுல் ராஜாவுக்குப் பயந்து ஓடிய தாவீது அதுல்லாம் குகையில் ஒளிந்துகொள்கிற இடம் வந்தது. 1 சாமுவேல் 22ஆம் அதிகாரம். நெருக்கடியில் இருந்தவர்கள், கடன்பட்டவர்கள், மனம் கசந்துபோனவர்கள் என ஏறக்குறைய 400 பேர் அங்கே அவனிடம் வந்து சேர்ந்தார்கள் என்கிறது அந்தப் பகுதி.

வாசித்து முடித்ததும் ஒரு பெரியம்மா கேட்டார். "ஏம்மா, தாவீது ராஜா ஆயிட்டாரு, சரி. அந்தக் கடன் வாங்குனவங்க கடனெல்லாம் அடைஞ்சுதா?"

என்னிடம் பதில் இல்லை. சமூகவியல் படித்திருக்கிறேன். சிறு வயதிலிருந்து தாவீதின் கதையைக் கேட்டிருக்கிறேன். கவண் கல் தெரியும், கோலியாத் தெரியும், யோனத்தானின் நட்பு தெரியும். அந்த நானூறு பேரைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். வாசித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

யார் எழுதிய கதை?

1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தில் தொடங்கி 2 சாமுவேல் 5ஆம் அதிகாரம் வரை போகிற பகுதியை, 'தாவீதின் எழுச்சி வரலாறு' என்று தனியாகப் பிரித்துப் பேசுவது ஆய்வாளர்களின் வழக்கம். தாவீது வாழ்ந்த காலம் ஏறக்குறைய கி.மு. 1000 என்று கணக்கிடுகிறார்கள். அவன் ஆட்சியின் அளவு என்ன, அன்றைய எருசலேம் நகரமா வெறும் மலைக்கிராமமா என்பதில் அகழாய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் 1993இல் வட இஸ்ரேலின் தேல் தான் என்ற இடத்தில் கிடைத்த அரமேயக் கல்வெட்டு, கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 'தாவீதின் வீடு' என்று ஓர் அரச வம்சத்தைக் குறிப்பிடுகிறது. அந்தப் பெயரில் ஒரு வம்சம் ஆண்டது என்பதற்கு பைபிளுக்கு வெளியே கிடைத்த பழைய சான்று அது.

கதையை நிதானமாக வாசித்தால் ஒன்று கண்ணில் படும். தாவீது மூன்று முறை அறிமுகமாகிறான். 16ஆம் அதிகாரத்தின் முதல் பாதியில் சாமுவேல் அவனுக்கு இரகசியமாக எண்ணெய் வார்க்கிறான். இரண்டாம் பாதியில் சுரமண்டலம் வாசிக்கிறவனாகச் சவுலின் அரண்மனைக்குப் போகிறான், சவுலுக்குப் பிடித்தவனாகிறான். 17ஆம் அதிகாரத்தில் கோலியாத்தைக் கொன்ற பிறகு, இந்தப் பையன் யாருடைய மகன் என்று அதே சவுல் விசாரிக்கிறான். 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தின் எபிரேய மூலத்திலோ, கோலியாத்தைக் கொன்றவன் எல்க்கானான் என்ற வேறொருவன். பிற்காலத்தில் எழுதப்பட்ட 1 நாளாகமம் 20ஆம் அதிகாரம், எல்க்கானான் கொன்றது கோலியாத்தின் சகோதரனை என்று மாற்றிச் சொல்லிச் சிக்கலைத் தீர்க்கிறது.

இதைச் சொல்வது கேலி பண்ணுவதற்கல்ல. பல கைகள் சேர்ந்து பல கதைகளைத் தொகுத்த நூல் இது. அதில் அரண்மனையின் கை ஒன்று உண்டு. அரண்மனையை நம்பாத கை இன்னொன்றும் உண்டு. எந்த வரியில் எந்தக் கை வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் நானூறு பேரைத் தேட முடியும்.

ஊரைவிட்டு ஓடியவர்கள்

ஆடு மேய்த்தவனைக் கடவுள் அரசனாக்கினார் என்பது பிரசங்கங்களில் வருகிற கதை. ஆனால் ஆடு மேய்த்த காலத்தில் தாவீது அப்பா வீட்டில் இருந்தவன். ஈசாயின் குடும்பத்துக்கு ஆடுகள் இருந்தன, பெத்லெகேமில் மரியாதை இருந்தது. அவன் எல்லாவற்றையும் இழந்து நின்றது பிறகுதான், அரண்மனையிலிருந்து உயிர் தப்பி ஓடியபோது. அந்த நேரத்தில் அவனிடம் வந்தவர்கள்தான் குகையின் மனிதர்கள்.

அன்றைய கானானில் இது புதிதல்ல. 1887இல் எகிப்தின் அமர்னாவில் களிமண் பலகைகளில் எழுதிய கடிதங்கள் ஏராளமாகக் கிடைத்தன. கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கானான் நகரங்களின் சிற்றரசர்கள் எகிப்திய மன்னனுக்கு எழுதியவை. எருசலேமை ஆண்ட அப்தி ஹெபாவின் கடிதங்களும் அதில் உண்டு. அந்தக் கடிதங்களில் 'ஹபிரு' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஹபிருக்கள் நிலங்களைப் பிடிக்கிறார்கள், ஊர்கள் அவர்கள் பக்கம் போகின்றன என்று அந்த அரசர்கள் புலம்புகிறார்கள். அது ஓர் இனத்தின் பெயர் இல்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கடனாலும் வரியாலும் போராலும் ஊரைவிட்டு ஓடியவர்கள், எந்தக் குலத்தின் பாதுகாப்பும் இல்லாதவர்கள், கும்பலாகச் சேர்ந்து கூலிப்படையாகவும் கொள்ளைக்கூட்டமாகவும் வாழ்ந்தவர்கள், இவர்களுக்கு ஊருக்குள் இருந்தவர்கள் வைத்த பெயர் அது.

அவர்களோடு சேர்ந்து அரசனானவனும் தாவீதுக்கு முன்பே உண்டு. சிரியப் பகுதியின் அலலாக்கை ஆண்ட இத்ரிமி கி.மு. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவன். 1939இல் லியோனார்ட் வுல்லி கண்டெடுத்த அவனது சிலையின் மேலேயே அவன் கதை பொறிக்கப்பட்டிருக்கிறது. சொந்த ஊரை இழந்து, ஹபிருக்கள் நடுவே 7 ஆண்டுகள் தங்கி, படை திரட்டி, அரியணை ஏறியதை அதில் அவன் சொல்கிறான். அவனோடு இருந்த ஹபிருக்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அந்தக் கல்லிலும் விவரம் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு அம்பேத்கர் நினைவுக்கு வந்தார். தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்து 1948இல் அவர் வெளியிட்ட நூலில், சிதறுண்ட மனிதர்கள் என்ற கருத்தை முன்வைக்கிறார். குலங்களுக்கு இடையிலான போரில் தோற்றுச் சிதறியவர்களுக்கு உணவும் இடமும் வேண்டும். நிலைத்து வாழத் தொடங்கிவிட்ட கிராமத்தாருக்கோ பயிரையும் மாட்டையும் காக்க ஆள் வேண்டும். இருவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உருவாகிறது, சிதறுண்டவர்கள் ஊர் எல்லைக்கு வெளியே குடியமர்ந்து காவல் காக்கிறார்கள் என்பது அவர் வாதம். இதற்கு ஒப்பாக அயர்லாந்திலும் வேல்ஸிலும் இருந்த இப்படிப்பட்ட மக்களையும் அவர் காட்டுகிறார். இஸ்ரவேலின் கதையை அவர் அங்கே எடுக்கவில்லை. ஆனால் 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது அந்த ஒப்பந்தம் கண்முன்னே நடக்கிறது.

ஆட்டு மயிர் கத்தரிக்கிற நாளில்

மாகோனில் நாபால் என்று ஒரு பெரிய பணக்காரன். 3000 செம்மறியாடும் 1000 வெள்ளாடும் வைத்திருந்தான். அவன் மேய்ப்பர்கள் காட்டில் இருந்த காலம் முழுவதும் தாவீதின் ஆட்கள் மந்தைக்குக் காவலாக இருந்தார்கள். இரவும் பகலும் எங்களுக்கு மதில்போல நின்றார்கள் என்று நாபாலின் வேலைக்காரனே பின்னால் சாட்சி சொல்கிறான். ஆட்டு மயிர் கத்தரிக்கிற நாள் வந்தது. அது பண்டிகை நாள், எல்லோருக்கும் சோறு கிடைக்கிற நாள். தாவீது பத்து வாலிபர்களை அனுப்பி, கையில் இருப்பதில் ஏதாவது கொடுக்கும்படி கேட்கிறான்.

நாபால் சொன்ன பதில் இந்தக் கதையிலேயே முக்கியமானது என்பேன். தாவீது யார் என்று கேட்கிறான். எசமானை விட்டு ஓடிப்போகிற வேலைக்காரர்கள் இந்தக் காலத்தில் பெருகிவிட்டார்கள் என்கிறான். எந்த ஊர்க்காரர் என்றே தெரியாதவர்களுக்கு என் ஆட்களுக்கு வைத்த அப்பத்தையும் தண்ணீரையும் இறைச்சியையும் எடுத்துக் கொடுப்பேனா என்கிறான்.

அமர்னா கடிதங்களில் அரசர்கள் பேசிய அதே குரல் இது. காவல் வேண்டும், காவல்காரன் கூலி கேட்டால் அவன் ஓடிப்போன அடிமை. இந்தக் குரலை நமக்கும் தெரியும்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. நாபால் காவல் கேட்டான் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. கேட்காத காவலுக்குக் கூலி, கொடுக்காவிட்டால் வாள். மறுப்பைக் கேட்டதும் தாவீது 400 பேரோடு கிளம்புகிறான், நாபாலின் வீட்டில் ஓர் ஆணையும் விடுவதில்லை என்ற சபதத்தோடு. நாபாலின் மனைவி அபிகாயில் அப்பமும் திராட்சரசமும் சமைத்த ஆடுகளும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு எதிரே வந்து தடுத்திருக்காவிட்டால், நாபாலோடு சேர்ந்து அவன் மேய்ப்பர்களும் செத்திருப்பார்கள். மதில்போல இருந்தார்கள் என்று சாட்சி சொன்ன வேலைக்காரனும்தான்.

ஏறக்குறைய பத்து நாளில் நாபால் இறந்துபோகிறான். தாவீது அபிகாயிலை மணக்கிறான். நாபால் காலேபின் குலத்தான் என்று அதிகாரத்தின் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. எபிரோன் காலேப் குலத்துக்கு உரிய நகரம். பின்னாளில் தாவீது முதன்முதலாக ராஜாவாவது எந்த ஊரில்? எபிரோனில். இதைத் தற்செயல் என்று நினைக்காத ஆய்வாளர்கள் உண்டு. நானும் நினைக்கவில்லை. குகையிலிருந்து ஊருக்குள் போகும் வழி தாவீதுக்கு இந்தத் திருமணத்தில் திறந்தது. அந்த வழியாக நானூறு பேரும் போக முடியுமா என்பது வேறு கேள்வி.

பேசோர் ஆற்றங்கரையில் ஒரு சட்டம்

அடுத்து தாவீது எதிரிகளான பெலிஸ்தரிடமே போகிறான். காத் நகரத்து அரசன் ஆகீஸ் அவனுக்குச் சிக்லாகு என்ற ஊரைக் கொடுக்கிறான். பெலிஸ்தர் நாட்டில் அவன் இருந்தது ஒரு வருடம் நான்கு மாதம் என்று கணக்கு இருக்கிறது. ஆட்கள் இப்போது 600 பேர், குடும்பங்களோடு.

அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்பதை 27ஆம் அதிகாரம் மூடி மறைக்காமல் சொல்கிறது. தெற்கே இருந்த மக்களின் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். ஆடு, மாடு, கழுதை, ஒட்டகம், துணிமணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஆணையும் பெண்ணையும் உயிரோடு விடவில்லை. காத் ஊருக்குப் போய் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதே காரணம். ஆகீஸிடம், யூதாவின் தெற்குப் பகுதியைத் தாக்கியதாகப் பொய் சொன்னான். கடன் தாங்காமல் ஓடி வந்தவர்கள், தங்களுக்குக் கடன் கொடுத்தவர்களைத் தாக்கவில்லை. தங்களைப் போலவே விளிம்பில் கிடந்த இன்னொரு கூட்டத்தை வெட்டினார்கள். இந்த இடத்தை வாசிப்புக் கூட்டத்தில் வாசித்தபோது யாரும் எதுவும் பேசவில்லை.

பிறகு அமலேக்கியர் வந்து சிக்லாகைக் கொளுத்துகிறார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தாவீதைக் கல்லெறிந்து கொல்லலாமா என்று அவன் ஆட்களே பேசுகிற அளவுக்கு நிலைமை போகிறது. துரத்திக்கொண்டு போகிற வழியில் வயலில் ஓர் எகிப்தியப் பையன் கிடக்கிறான். அமலேக்கியன் ஒருவனின் அடிமை. நோயில் விழுந்ததால் மூன்று நாளைக்கு முன் எசமான் அவனை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுக்குச் சோறும் தண்ணீரும் அத்திப்பழ அடையும் கொடுக்கிறார்கள். அவன் வழிகாட்டுகிறான். அதற்கு முன் ஒரு சத்தியம் கேட்கிறான், என்னைக் கொல்லக் கூடாது, என் எசமானிடம் ஒப்படைக்கவும் கூடாது என்று. அவனில்லாமல் தாவீதுக்கு அன்று வெற்றியில்லை. அவன் பெயரும் கதையில் இல்லை. வழிகாட்டிய பிறகு அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

600 பேரில் 200 பேர் களைத்துப்போய்ப் பேசோர் ஆற்றங்கரையில் நின்றுவிட்டார்கள். 400 பேர் போய் மீட்டு வந்தார்கள். போகாதவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கிடையாது, பெண்டாட்டி பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று சிலர் தகராறு செய்தார்கள். தாவீது மறுத்தான். போருக்குப் போனவனுக்கும் மூட்டைக்குக் காவல் இருந்தவனுக்கும் சமமான பங்கு என்றான். அன்று முதல் அது இஸ்ரவேலில் சட்டமானது என்று எழுதப்பட்டிருக்கிறது.

நானூறு பேரின் வாழ்க்கையிலிருந்து பிறந்த ஒரே சட்டம் இதுதான். களைத்துப்போனவனுக்கும் பங்கு உண்டு. ஓடி ஒளிந்து, சேர்ந்து பசித்து, சேர்ந்து அழுதவர்களுக்குத்தான் இப்படி ஒரு சட்டம் தோன்றும்.

அதே அதிகாரத்தின் கடைசி வரிகளையும் படிக்க வேண்டும். சிக்லாகுக்குத் திரும்பியதும் தாவீது அந்தக் கொள்ளையில் ஒரு பகுதியை யூதாவின் பெரியவர்களுக்குக் காணிக்கையாக அனுப்புகிறான். எந்தெந்த ஊருக்கு அனுப்பினான் என்று நீளமான பட்டியலே இருக்கிறது. அந்தப் பட்டியலில் எபிரோனும் உண்டு. கீழே இருப்பவர்களுக்குச் சம பங்கு, மேலே இருப்பவர்களுக்குப் பரிசு. இரண்டும் ஒரே கொள்ளைப் பொருளிலிருந்து. சில பக்கங்கள் கழித்து, சவுல் கில்போவா மலையில் இறந்த பிறகு, யூதாவின் மனிதர் எபிரோனில் கூடித் தாவீதை ராஜாவாக அபிஷேகம் செய்கிறார்கள்.

யார் யார் செத்தார்கள்

எபிரோனில் 7 வருடம் 6 மாதம், எருசலேமில் 33 வருடம் என்று அவன் ஆட்சிக்குக் கணக்கு சொல்லப்படுகிறது. எபிரோனிலிருந்து எருசலேமுக்குப் போகும் வழியில் வரிசையாகச் சாவு விழுகிறது. சவுலும் அவன் மகன்களும் இறந்தபோது தாவீது வேறு இடத்தில் இருக்கிறான். சவுலின் தளபதி அப்னேரை யோவாப் குத்திக் கொன்றபோது தாவீதுக்குத் தெரியாது. சவுலின் மகன் இஸ்போசேத்தைக் கட்டிலில் வெட்டி, தலையை இரண்டு பேர் கொண்டுவந்தபோது தாவீது அவர்களுக்கு மரண தண்டனை கொடுக்கிறான். ஒவ்வொரு சாவிலும் லாபம் தாவீதுக்கு. ஒவ்வொரு சாவிலும் அவன் கை சுத்தம் என்று கதை மெனக்கெட்டுச் சொல்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் கைல் மெக்கார்ட்டர் 1980இல் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்த ஹித்தைட் மன்னன் மூன்றாம் ஹத்துசிலி, கி.மு. 13ஆம் நூற்றாண்டில் தன் செயலை நியாயப்படுத்தி ஓர் ஆவணம் எழுதிவைத்தான். தாவீதின் எழுச்சிக் கதையும் அந்த வகையைச் சேர்ந்தது, அரசன் மேல் அன்று இருந்த குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்ல எழுதப்பட்டது என்பது அவர் வாதம். குற்றச்சாட்டு இருந்தது என்பதற்குக் கதைக்குள்ளேயே சாட்சி உண்டு. சவுலின் வீட்டானான சீமேயி, நீ இரத்தம் சிந்தியவன் என்று தாவீதைக் கல்லால் எறிந்து சபிக்கிறான். அந்த வசையை யாரோ விடாமல் எழுதிவைத்தார்கள்.

பெண்கள் கொடுத்த விலையையும் எழுதிவைத்திருக்கிறார்கள். சவுலின் மகள் மீகாள் தாவீதை நேசித்தவள், ஜன்னல் வழியாக இறக்கிவிட்டு அவன் உயிரைக் காப்பாற்றியவள். பிறகு சவுல் அவளைப் பல்த்தியேலுக்குக் கொடுத்துவிட்டான். ஆண்டுகள் கழித்து, சவுலின் மருமகன் என்ற உரிமை தேவைப்பட்டபோது தாவீது அவளைத் திரும்பக் கேட்டு வாங்குகிறான். பல்த்தியேல் பகூரிம் வரை அழுதுகொண்டே அவள் பின்னால் நடந்து வருகிறான். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதாக இல்லை.

ரிஸ்பாள் சவுலின் மறுமனையாட்டி. நாட்டில் மூன்று வருடப் பஞ்சம், அதற்குச் சவுல் செய்த பாவமே காரணம் என்று சொல்லி, அவள் பிள்ளைகள் இருவரையும் சவுலின் மகள்வழிப் பேரர் ஐவரையும் தாவீது கிபியோனியர் கையில் ஒப்புக்கொடுக்கிறான். ஏழு பேரும் மலையில் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாளிலிருந்து வானத்திலிருந்து மழை விழும் வரை, பாறையின் மேல் சாக்குத்துணியை விரித்து உட்கார்ந்து, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அவள் விரட்டுகிறாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அரசன் வெட்கப்பட்டோ பயந்தோ எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்கிறான். தன் பிள்ளைகளின் உடலைக் கேட்டு அதிகாரத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை அறிந்தவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை வாசியுங்கள்.

அமஞ்சி

இனி பெரியம்மாவின் கேள்வி.

நானூறு பேரில் சிலர் மேலே வந்தார்கள். அதை மறுக்க முடியாது. எபிரோனுக்குப் போகும்போது தாவீது அவர்களைக் குடும்பங்களோடு கூட்டிக்கொண்டு போனான், எபிரோனைச் சுற்றிய ஊர்களில் குடியேறினார்கள். எபூசியரிடமிருந்து எருசலேமைப் பிடிக்கப் போனவர்கள் ராஜாவும் அவன் ஆட்களும். 2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தில் அவனுடைய வீரர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அதில் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. அவன் மனைவியை எடுத்துக்கொள்வதற்காகத் தாவீது போர்முனையில் சாகடித்த அதே உரியா.

ஆனால் கடன்? கடனை ரத்து செய்த ஓர் ஆணையையும் தாவீதின் ஆட்சியில் நான் காணவில்லை. கண்டது வேறொன்று. 2 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தில் அரசு அதிகாரிகளின் பட்டியல் வருகிறது. தளபதி, மந்திரி, ஆசாரியர், எழுத்தன். 20ஆம் அதிகாரத்தில் அதே போன்ற பட்டியல் மறுபடியும் வருகிறது. அதில் முன்பு இல்லாத ஒரு பதவி சேர்ந்திருக்கிறது. அதோராம் என்பவன் 'மஸ்' என்பதற்குத் தலைவன். எபிரேயத்தில் அந்தச் சொல் கட்டாய உழைப்பைக் குறிக்கிறது. கூலி கொடுக்காமல் அரசு பிடித்து வாங்கும் வேலை.

சாலொமோன் காலத்தில் அது பெருகியது. லீபனோனில் மரம் வெட்ட இஸ்ரவேலிலிருந்து 30,000 ஆட்கள், மாதம் 10,000 பேர் முறைவைத்து. நம் தமிழ் வேதாகமம் இந்த ஆட்களுக்கு 'அமஞ்சி' என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் அந்தச் சொல்லைத் தேடி எங்கும் போயிருக்க வேண்டியதில்லை. அமஞ்சி, வெட்டி, ஊழியம் எல்லாம் நம் மக்கள் முதுகில் எழுதப்பட்ட சொற்கள். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் அரசு கூலியில்லாமல் வாங்கிய வேலைக்குப் பெயரே ஊழியம். கிறிஸ்தவர்களான பிறகு ஞாயிற்றுக்கிழமையாவது அதிலிருந்து விடுபட 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியாக உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. இன்று அதே சொல்லைத்தான் சபைகளில் கடவுளுக்குச் செய்யும் பணிக்குச் சொல்கிறோம்.

சாலொமோன் இறந்த பிறகு மக்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் வந்து, உன் தகப்பன் வைத்த நுகத்தைக் குறைத்துக் கொடு என்று கேட்டார்கள். அவன் கூட்டுவேன் என்றான். தாவீதிடத்தில் எங்களுக்கு என்ன பங்கு என்று கேட்டு வடக்குக் குலங்கள் பிரிந்து போயின. சமாதானம் பேச அரசன் அனுப்பியது யாரை? அமஞ்சிக்குத் தலைவனான அதே அதோராமை. மக்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள்.

பங்கு. பேசோர் ஆற்றங்கரையில் எல்லோருக்கும் சமம் என்று சட்டமானதும் பங்குதான். மூன்றாம் தலைமுறையில் மக்கள் இல்லை என்று அறிந்துகொண்டதும் பங்குதான். அரசன் வந்தால் பிள்ளைகளைத் தேருக்கும் வயலுக்கும் பிடிப்பான், பெண்பிள்ளைகளைச் சமையலுக்குப் பிடிப்பான், நிலத்தைப் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுப்பான் என்று 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்திலேயே சாமுவேல் எச்சரித்திருந்தான். பிற்காலத்தில் 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசாவிடம் வந்து கதறுகிறாள், கடன் கொடுத்தவன் என் இரண்டு மகன்களையும் அடிமையாக்க வந்திருக்கிறான் என்று. கடன் அடையவில்லை, பெரியம்மா.

காணாமல் போனவர்கள்

இன்னும் ஒன்று மிச்சம். தாவீதின் கதையைப் பல நூற்றாண்டு கழித்துத் திரும்பச் சொல்கிற நூல் 1 நாளாகமம். அதன் 11ஆம் அதிகாரம் தொடங்கும்போதே இஸ்ரவேலர் எல்லோரும் எபிரோனில் கூடித் தாவீதை ராஜாவாக்குகிறார்கள். நாபால் இல்லை. ஆகீஸிடம் சொன்ன பொய் இல்லை. ரிஸ்பாள் இல்லை. உரியாவின் பெயர் வீரர் பட்டியலில் மட்டும் இருக்கிறது, அவனுக்கு நடந்தது இல்லை. 12ஆம் அதிகாரத்தில், தாவீது ஒளிந்திருந்த காலத்தில் அவனிடம் வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். அவர்கள் வில் வீரர்கள், சிங்க முகம் கொண்ட பராக்கிரமசாலிகள், குலமும் தகப்பன் பெயரும் உள்ளவர்கள். கடன்பட்டவன் ஒருவனும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு கூட்டம் வரலாற்றிலிருந்து எப்படிக் காணாமல் போகிறது என்று வகுப்பில் படித்திருக்கிறேன். ஒரே கதையின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து அதைக் கண்ணால் பார்த்தது இப்போதுதான். யாரும் அவர்களைத் திட்டி எழுதவில்லை. நாபால் திட்டினான், அந்தத் திட்டில் அவர்கள் இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் மரியாதையாக எழுதினார்கள், அதில் அவர்கள் இல்லை.

ஹபிருவையும் நம்மையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஹபிரு நிலை பிறப்பால் வந்ததல்ல. ஓடியவன் திரும்பலாம், வாள் பிடித்தால் உயரலாம், தாவீதைப் போல அரசனும் ஆகலாம். சாதி அந்தக் கதவையும் வைக்கவில்லை. ஆனால் கதவு திறந்திருந்த இடத்திலேயே ஒருவன் உள்ளே போனதால் நானூறு பேரின் கடன் தீரவில்லை என்றால், நம்மில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாம் மாறிவிடும் என்று நம்பிக் காத்திருக்கிற நாம் யோசிக்க வேண்டும். நம்மவர் உட்காரக் கூடாது என்பதல்ல. உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு, ஆற்றங்கரையில் போட்ட சட்டம் அரண்மனையிலும் செல்லுமா என்று கேட்க ஆள் வேண்டும். தாவீதின் அவையில் தீர்க்கதரிசி நாத்தான் உரியாவுக்காகக் கேட்டான். நானூறு பேருக்காகக் கேட்டவர் யார் என்று தேடினேன், கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் கூட்டத்தில் இதையெல்லாம் என்னால் முடிந்த அளவு சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார், "அப்போ அந்தச் சம பங்குச் சட்டத்தை யாரும் ரத்து பண்ணலையே?"

ரத்து செய்ததாக எங்கும் எழுதப்படவில்லை என்றேன்.

"அப்போ அது இன்னும் இருக்குன்னுதானே அர்த்தம்" என்றார்.